பின்னோக்கிச் சறுக்குகிறவனின் பிழைப்பு

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார்கள்: "மகள் வயிற்றுப் பேரன் டொராண்டோவில் இருக்கிறான். 14 வயது. ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். கோல் போடுகிற இடம் இல்லையாம், டிஃபென்ஸ்மேனாம். படிப்பு அப்புறம், இதிலேயே போகிறேன் என்கிறான். மகள் ஒன்று சொல்கிறாள், மாப்பிள்ளை ஒன்று சொல்கிறார். இதில் பிழைப்பு உண்டா? அடி படுமா? எத்தனை வயது வரை ஆடலாம்? காரைக்குடியில் இருக்கிற மகன் வயிற்றுப் பேரனுக்கு 10 வயது, சக்கர ஸ்கேட்டிங் போகிறான். அத்தானைப் பார்த்து அவனும் கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்ல?"

ஆச்சி, பிழைப்பு உண்டு. நல்ல பிழைப்பே உண்டு. ஆனால் அது இவனுக்கு உண்டா என்று 14 வயதில் யாராலும் சொல்ல முடியாது. முன்னால் நின்று கோல் போடுகிறவனை 18 வயதில் ஓரளவு கணித்துவிடுகிறார்கள். டிஃபென்ஸ்மேனை 18-லும் தப்பாகத்தான் கணிக்கிறார்கள். பனைமரம் மாதிரி, காய்க்க நாளாகும். அதனால் படிப்பா ஆட்டமா என்று இன்றைக்கே வெட்டி முடிவு கட்டாதீர்கள். அதற்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. அந்த வருடங்களை எப்படிக் கழிப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் அவன் என்ன வேலை செய்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். திடல் 200 அடி நீளம், 85 அடி அகலம். முன்தெருவில் முகப்பும் பின்தெருவில் கொல்லை வாசலுமாக நீண்டு கிடக்கும் பெரிய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ அந்த நீளம். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: மூன்று முன்னாட்டக்காரர்கள், பின்னால் நின்று காக்கும் இரண்டு டிஃபென்ஸ்மேன்கள், கோல் கூட்டைக் காக்கும் ஒரு கோலி. கோல் கூடு 6 அடி அகலம், 4 அடி உயரம். அதிலிருந்து 64 அடி தள்ளி ஐஸின் குறுக்கே ஒரு நீலக்கோடு. அதுதான் நிலைவாசல். எதிராளி நிலைவாசலைத் தாண்டும் முன் மறிக்க வேண்டும். தாண்டிவிட்டானா, ஓரத்துப் பத்தியிலேயே சுற்ற விட வேண்டும். நடு முற்றத்துக்கு விடக்கூடாது. சுவரோரத்திலிருந்து அடிக்கும் பந்தைக் கோலி பிடித்துக்கொள்வார், நடுவிலிருந்து அடிப்பதைப் பிடிப்பது கஷ்டம். பந்து என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அது பந்தில்லை, பக். 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் உள்ள கெட்டி ரப்பர் வில்லை, எடை ஏறத்தாழ 160 கிராம். துள்ளக்கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதைக் குளிர்பெட்டியில் உறைய வைப்பார்கள்.

ஒற்றைக்கு ஒற்றை வரும்போது டிஃபென்ஸ்மேன் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே எதிராளியை எதிர்கொள்கிறான். இந்தத் தொழிலின் அரிச்சுவடி அதுதான். இரண்டு பேருக்கும் நடுவே உள்ள தூரத்தை கேப் என்பார்கள். நீலக்கோட்டுக்கு வரும்போது அது ஒரு மட்டை நீளத்துக்குள் வந்துவிட வேண்டும். அதிகமாக விட்டால் எதிராளிக்குச் சாவகாசமாகக் குறி பார்த்து அடிக்க இடம் கிடைக்கும். ரொம்பக் குறைத்தால் ஒரு எட்டில் பக்கவாட்டில் தாண்டிப் போய்விடுவான். மட்டையை ஒரு கையில் நீட்டிப் பிடித்து, ஐஸில் படிய வைத்து, அவனை நடுவிலிருந்து சுவர்ப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும்.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் பையன்கள் தோற்கிறார்கள். பக்கைப் பார்த்தால் ஏமாந்து போவான், ஏனென்றால் ஏமாற்றுவதற்கென்றே பக் இப்படியும் அப்படியும் ஆடும். எதிராளியின் மார்பைப் பார்க்க வேண்டும். மார்பு போகாத பக்கம் ஆள் போக முடியாது. சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு பிடிக்கிறவன் கொம்பைப் பார்த்தா பாய்கிறான், திமிலைப் பார்த்துத்தானே? அதே கணக்கு.

இரண்டு பேர் வந்து இவன் ஒருவன் மட்டும் நின்றால் பங்கு தெளிவாகப் பிரிந்திருக்கிறது. அடியைக் கோலி பார்த்துக்கொள்வார், இருவருக்கும் நடுவில் போகும் பாஸை இவன் அடைக்க வேண்டும். பக் வைத்திருப்பவன் மேல் ஆசைப்பட்டுப் பாய்ந்தால் இரண்டையும் கோட்டை விடுவான். முன்கூட்டியே ஐஸில் படுத்து வழுக்குவதும் பெரிய தப்பு. எதிராளி ஒரு கணம் பொறுத்து, படுத்தவனைச் சுற்றிப் போய்விடுவான்.

இனி அடி படும் இடத்துக்கு வருகிறேன். ஆச்சி கேட்டதில் இதைத்தான் மகளும் மாப்பிள்ளையும் கவனமாகப் படிக்க வேண்டும். எதிரணி பக்கை இவன் மூலைக்குள் தள்ளிவிட்டு இரண்டு பேராகத் துரத்தி வருவார்கள். டிஃபென்ஸ்மேன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிப்போய் அதை எடுக்க வேண்டும். எடுப்பதற்குள் குறைந்தது இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும்: யார் வருகிறான், எந்தப் பக்கமாக வருகிறான், என் ஆள் எங்கே நிற்கிறான். பார்க்காமல் போகிறவன் சுவரில்தான் விழித்துக்கொள்வான். பக்கை நோக்கி நேர்கோட்டில் போகாமல் கொஞ்சம் வளைந்து போனால், அங்கே சேரும்போது கால் இரண்டும் சுவருக்கு இணையாக இருக்கும், தோள் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எவன் வந்து இடித்தாலும் சுவர் அதிர்ச்சியைப் பாதி வாங்கிக்கொள்ளும். சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, தலையைக் குனிந்து, சுவரைப் பார்த்து நிற்பதுதான் உயிருக்கே ஆபத்தான நிலை. இடி விழுந்தால் தலை முதலில் போய் மோதும். கழுத்தெலும்பு முறிவதெல்லாம் அப்படித்தான். இடி தவிர்க்க முடியாது என்று தெரிந்தால் சுவரோடு ஒட்டிக்கொள், தலையை நிமிர்த்து. இந்த இரண்டையும் பயிற்சியாளர் வாரம் தவறாமல் சொல்லிக் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். சொல்லிக் கொடுக்காத குழுவில் எத்தனை கோப்பை இருந்தாலும் வேண்டாம்.

இதில் பாதி வேலை கூட்டாளியின் வாயில் இருக்கிறது. பக் எடுக்கப் போகிறவனுக்கு முதுகில் கண் கிடையாது. இணையில் இருக்கும் மற்றவன் சத்தம் போட வேண்டும். "வீல்" என்றால் கூட்டைச் சுற்றி ஓடு. "ரிவர்ஸ்" என்றால் வந்த வழியே பின்னால் தள்ளு. "ஓவர்" என்றால் எனக்குக் கொடு. "அப்" என்றால் சுவரோரமாக மேலே அனுப்பு. வாய் திறக்காத டிஃபென்ஸ்மேனைத் தேர்வாளர்கள் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் கூச்சப்படுகிற பையன் என்றால் இதற்கென்றே தனியாகப் பழக வேண்டும்.

இந்த ஓட்டத்தின் அபாயம் தெரிந்துதான் வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்ஹெச்எல் 2013-14-ல் ஒரு விதியை மாற்றியது. தன் பாதித் திடலிலிருந்து யாராவது பக்கை நீளமாக அடித்து எதிர்ப்பக்கக் கோல் கோட்டைத் தாண்டவிட்டால் அதற்கு ஐசிங் என்று பெயர். முன்பெல்லாம் அதை முதலில் தொடுவதற்கு இருவர் முழு வேகத்தில் சுவரை நோக்கி ஓட வேண்டியிருந்தது. 2008-ல் குர்டிஸ் ஃபாஸ்டர் என்ற டிஃபென்ஸ்மேனுக்குத் தொடையெலும்பு முறிந்தது இப்படி ஓடித்தான். இப்போது கோலுக்குப் பக்கத்தில் உள்ள வட்டத்தின் புள்ளிவரைக்கும்தான் பந்தயம். அங்கே யார் முந்தினார் என்று பார்த்து, தடுக்கும் அணிக்காரர் என்றால் நடுவர் விசில் ஊதிவிடுவார்.

எதிரணி அடிக்கிற பக்கை உடம்பால் மறிப்பதும் இவன் வேலையில் சேர்த்திதான். பெரியவர்கள் ஆட்டத்தில் பக் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் சாதாரணமாக வரும். ஸ்லோவாக்கியாவின் ஸ்டேனோ சாரா 2012-ல் ஒரு போட்டியில் மணிக்கு 108.8 மைல் வேகத்தில் அடித்தார், கிட்டத்தட்ட 175 கிலோமீட்டர். கவசம் எல்லாம் உடம்பின் முன்பக்கம்தான். பயந்து பக்கவாட்டில் திரும்புகிறவனுக்கு விலாவிலும் பின்தொடையிலும் விழும். நேராகப் பார்த்து நிற்பதே பாதுகாப்பு. பாதத்தில் விழுந்து சின்ன எலும்புகள் முறிவது இந்தத் தொழிலில் சகஜம். அதற்காக ஸ்கேட்டின் வெளிப்பக்கம் மாட்டும் பிளாஸ்டிக் காப்பு கிடைக்கிறது. இப்போதே வாங்கிக் கொடுங்கள்.

அடுத்து, ஆள் அளவு. "நம்ம பிள்ளைகள் அவ்வளவு வாட்டசாட்டமா வராதே" என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். 2005-க்கு முன் என்றால் அது நியாயமான கவலை. அப்போது டிஃபென்ஸ்மேன் எதிராளியை மட்டையால் கொக்கி போட்டு இழுக்கலாம், கட்டிப்பிடித்து நிறுத்தலாம். நடுவர் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார். ஆறே கால் அடி ஆளுக்கு வேகம் இல்லாவிட்டாலும் வேலை கிடைத்தது. 2004-05 பருவம் முழுவதும் சம்பளத் தகராறில் ரத்தாகி, மறு வருடம் ஆட்டம் திரும்பியபோது கொக்கிக்கும் பிடிக்கும் கறாராகத் தண்டனை கொடுக்க ஆரம்பித்தார்கள். நடுக்கோட்டைத் தாண்டி நீள பாஸ் கொடுக்கவும் அனுமதி வந்தது. அன்றிலிருந்து காலில் வேகமும் முதல் பாஸில் துல்லியமும் உள்ளவனுக்குத்தான் விலை. 2024-ல் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையை வாங்கிய குவின் ஹியூஸின் உயரம் 5 அடி 10 அங்குலம். பேரன் எவ்வளவு வளர்வான் என்ற கவலையை விடுங்கள். பின்னோக்கிச் சறுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறானா என்று பாருங்கள். அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பக்கம் நொண்டும். அதைச் சரி செய்யக் காலம் இந்த 13, 14, 15 வயதுதான்.

கோல் கணக்கை மட்டும் அவனிடம் கேட்காதீர்கள், ஆச்சி. தொலைபேசியில் "எத்தனை கோல் போட்டே ராசா" என்று கேட்டால் அவன் அதற்காக முன்னால் ஓடப் பழகுவான். பின்னால் வாசல் திறந்து கிடக்கும். "எத்தனை தடவை பக்கை நம்ம ஆள்கிட்ட சுத்தமாக் கொண்டுபோய்ச் சேர்த்தே" என்று கேளுங்கள். பாட்டிக்கு விஷயம் தெரியும் என்று அசந்து போவான்.

வழி எப்படிப் போகிறது என்றால், டொராண்டோ வட்டாரத்தில் கிரேட்டர் டொராண்டோ ஹாக்கி லீக் என்பதுதான் பெரிய களம். உலகத்திலேயே பெரிய சிறுவர் ஹாக்கி அமைப்பு அது. அதில் டிரிபிள் ஏ என்ற மேல் படியில் ஆடுகிறானா என்று கேளுங்கள். உடம்பால் இடிப்பது 13 வயதுக்குட்பட்ட பிரிவில் கிடையாது. 2013-லேயே கனடா முழுக்க அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே உங்கள் பேரன் இப்போதுதான் இடிக்கும் ஆட்டத்துக்குள் வந்திருக்கிறான். 15, 16 வயது வாக்கில் ஒன்டாரியோ ஹாக்கி லீக் என்ற ஜூனியர் லீக்கின் குழுக்கள் பையன்களைத் தேர்ந்தெடுக்கும். 16-லிருந்து 20 வரை அங்கே ஆடலாம். வேறு ஊர்க் குழு எடுத்தால் அந்த ஊரில் ஒரு குடும்பத்தோடு தங்க வைப்பார்கள், அதற்கு பில்லெட் வீடு என்று பெயர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம்மவர்கள் கிட்டங்கியில் தங்கித் தொழில் பழகியது போலத்தான். ஆனால் இங்கே ஒரு குடும்பம் சமைத்துப் போட்டுப் பள்ளிக்கும் அனுப்பி வைக்கிறது.

படிப்புக்கு இப்போது நல்ல செய்தி ஒன்று உண்டு. முன்பு ஒன்டாரியோ லீக்கில் காலை வைத்தால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹாக்கிக் கதவு மூடிவிடும். 15 வயதுப் பிள்ளை அதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தத் தடையை 2025 ஆகஸ்ட் 1 முதல் எடுத்துவிட்டார்கள். ஜூனியரும் ஆடலாம், பிறகு உதவித்தொகையோடு கல்லூரியும் ஆடலாம். டிஃபென்ஸ்மேனுக்கு இது மிகப் பொருத்தமான பாதை. கல்லூரியில் 22, 23 வயது வரை ஆட முடியும், அவன் விளைவதும் அந்த வயதில்தான். இன்றைக்கு முன்னணியில் இருக்கும் கேல் மகார் ஆல்பர்ட்டாவின் சிறிய ஜூனியர் லீக் ஒன்றில் ஆடி, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் போய், அங்கிருந்து 2019-ல் என்ஹெச்எல்லின் கொலராடோ குழுவுக்கு வந்தவர். 2022-லும் 2025-லும் நாரிஸ் அவருக்கு. ஆகவே பள்ளி மதிப்பெண் விழாமல் இருப்பதும் ஹாக்கித் தகுதிதான் என்று பையனுக்குச் சொல்லுங்கள், அது பொய்யில்லை. ஜூனியர் லீக்குகளும் ஆடிய பருவத்துக்கு ஏற்பக் கல்லூரிக் கட்டணம் கொடுப்பதுண்டு. அதை எதற்குள் பயன்படுத்த வேண்டும், சம்பள ஒப்பந்தம் போட்டால் அது போய்விடுமா என்பதை எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டு மாப்பிள்ளை கையெழுத்துப் போடட்டும்.

18 வயதில் என்ஹெச்எல் தேர்வு. 32 குழு, 7 சுற்று, மொத்தம் 224 பேர். தாமதமாக விளைவது என்று சொன்னேனே, அதற்குக் கணக்கு இங்கே இருக்கிறது. டெட்ராய்ட் குழுவின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989-ல் 53-வதாகத் தேர்வானவர். ஏழு முறை நாரிஸ் வாங்கினார். 1,564 ஆட்டம் ஆடி 2012-ல் 42 வயதில் நிறுத்தினார். 20 பருவத்திலும் சேர்த்து, தப்பு செய்தவரை உட்கார வைக்கும் தண்டனைப் பெட்டியில் இருந்தது 514 நிமிடம்தான். ஒரே பருவத்தில் அதில் பாதியைத் தாண்டியவர்களும் அந்த லீக்கில் உண்டு. சாரா 56-வது. டங்கன் கீத் 54-வது. ஆடம் ஃபாக்ஸ் 66-வது. மார்க் ஜியோர்டானோவை யாரும் தேர்ந்தெடுக்கவே இல்லை. கீழ் லீக்கில் ஆடினார், இடையில் ஒரு வருடம் ரஷ்யா போனார், திரும்பி வந்து கால்கரி குழுவின் தலைவரானார். 2019-ல் நாரிஸ் வாங்கியபோது வயது 35. வயது கூடக் கூட, எதிராளி அடுத்து என்ன செய்வான் என்பது முன்கூட்டியே தெரிய ஆரம்பிக்கிறது. முன்னாட்டக்காரனுக்கு வேகம்தான் முதல், அது 30-க்குப் பிறகு கரையும். டிஃபென்ஸ்மேனுக்கு அனுபவம் அந்த இடத்தை ஈடுகட்டும். கிறிஸ் செலியோஸ் 48 வயது வரை ஆடினார். அது விதிவிலக்குதான், ஆனாலும் அவர் டிஃபென்ஸ்மேன் என்பதைக் கவனியுங்கள்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். பாபி ஓர் என்று ஒருவர். டிஃபென்ஸ்மேன் என்றால் பின்னால் நிற்பவன் என்ற எண்ணத்தையே மாற்றியவர். லீக்கில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் கோப்பையை வாங்கிய ஒரே டிஃபென்ஸ்மேன் அவர்தான், அதுவும் இரண்டு முறை. எட்டு வருடம் தொடர்ந்து நாரிஸ். முழங்கால் போனதால் 1978-ல் 30 வயதில் முடிந்தது. மொத்தம் 657 ஆட்டம்தான். அன்றைய முழங்கால் வைத்தியம் வேறு, இன்றையது வேறு. ஆனாலும் திறமை இருந்தால் காலம் தானாக வரும் என்று இந்தத் தொழிலில் சொல்ல முடியாது.

பணத்தை ஆச்சி கேட்காமல் இருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பலேறினார்கள். இங்கேயும் 18-லிருந்து 21 வயதுக்குள் கையெழுத்துப் போடுகிறவனுக்கு முதல் ஒப்பந்தம் மூன்று வருடம். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, பேரம் பேச அதிக இடமில்லை. 2025-26 பருவத்தில் என்ஹெச்எல் குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 அமெரிக்க டாலர். நம் பணத்தில் ஆறரைக் கோடிக்கு மேல். புதிய உடன்படிக்கைப்படி இது படிப்படியாக ஏறி 10 லட்சம் டாலரைத் தொடும். முதல் இணையில் ஆடுகிறவர்களுக்கு இதைப்போலப் பத்து மடங்குகூட உண்டு. எரிக் கார்ல்சன் 2019-ல் வருடத்துக்கு 1.15 கோடி டாலருக்கு எட்டு வருட ஒப்பந்தம் போட்டார்.

ஆனால் அந்தக் குறைந்தபட்சத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இருவழி ஒப்பந்தங்கள். மேலே ஆடிய நாளுக்கு மேல்சம்பளம், கீழே அமெரிக்கன் ஹாக்கி லீக்கில் ஆடிய நாளுக்கு அதில் சிறு பங்கு. கணக்கு நாள் வீதம்தான். வருடம் முழுதும் கீழேயே இருந்தால் கீழ்ச்சம்பளம்தான். வந்ததிலும் வரி, ஏஜென்ட் பங்கு, லீக் வருமானத்தைச் சரிக்கட்டப் பிடித்து வைக்கும் தொகை எல்லாம் போகக் கையில் நிற்பது பாதி வாக்கில். விரும்பிய குழுவுக்குப் போகும் முழுச் சுதந்திரம் 27 வயதில் அல்லது ஏழு பருவம் ஆடிய பிறகுதான். பெரிய பணம் அதை ஒட்டித்தான் வரும். என்ஹெச்எல் கிடைக்காவிட்டால் ஸ்வீடன், பின்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து லீக்குகள் இருக்கின்றன. கௌரவமான சம்பளம், ஆட்டங்கள் குறைவு, பயணமும் குறைவு. பல பேர் அங்கேயே 35 வரை ஆடிக் குடும்பம் நடத்துகிறார்கள்.

உழைப்பின் அளவும் தெரியட்டும். ஒரு குழு ஆட்டத்துக்கு ஆறு டிஃபென்ஸ்மேன்களை இறக்கும், மூன்று இணை. ஒரு தடவை இறங்கினால் 45 விநாடி வாக்கில் ஆடிவிட்டு மாற வேண்டும். 60 நிமிட ஆட்டத்தில் முதல் இணைக்கு 25 நிமிடம் போகும், மூன்றாம் இணைக்கு 15. பருவத்துக்கு 82 ஆட்டம், 2026-27 முதல் 84. இடுப்பு, தொடையிடுக்கு, தோள், கணுக்கால் இவைதான் தேயும் இடங்கள்.

தலையடி தனி. ஒன்டாரியோவில் ரோவன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2013-ல் ரக்பி ஆடித் தலையடிபட்டு இறந்த ஒரு பள்ளி மாணவியின் பெயரில் 2018-ல் நிறைவேறியது. அதன்படி தலையடி சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், மருத்துவர் பார்த்துப் படிப்படியாகத்தான் திரும்ப விட வேண்டும். பையன் "ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்வான். வெளிச்சம் கூசுகிறதா, ராத்திரி தூக்கம் மாறுகிறதா, வகுப்பில் மனம் நிற்கிறதா என்று மகள்தான் பார்க்க வேண்டும். கழுத்துக் காப்பும் கட்டாயம். 2023-ல் இங்கிலாந்தில் ஒரு ஆட்டத்தில் ஆடம் ஜான்சன் ஸ்கேட் விளிம்பு கழுத்தில் பட்டு இறந்த பிறகு பெரியவர்களும் அணிய ஆரம்பித்துவிட்டார்கள்.

செலவு: டிரிபிள் ஏ மட்டத்தில் குழுக் கட்டணம், பயணம், கோடைப் பயிற்சி, சாமான் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 10,000 கனடா டாலரைத் தாண்டுவது சாதாரணம். வெட்டக்கூடிய இடம் மட்டைதான். 300 டாலருக்கு மேல் விலையுள்ள கார்பன் மட்டையை வருடத்துக்கு நான்கு உடைப்பான். மட்டையில் ஃபிளெக்ஸ் என்று ஒரு எண் போட்டிருக்கும், வளைக்கத் தேவையான பலம் அது. உடல் எடையைப் பவுண்டில் எடுத்துப் பாதியாக்கினால் ஏறத்தாழ சரியான எண். 50 கிலோ பையன் என்றால் 110 பவுண்ட், அவனுக்கு 55. பெரியவர்கள் மட்டை 85 என்று கௌரவத்துக்கு வாங்கினால் அது வளையவே வளையாது, அடியில் வேகமும் வராது. ஸ்கேட் போட்டு நிற்கும்போது மட்டை மூக்கு வரைக்கும் வரலாம். டிஃபென்ஸ்மேனுக்குக் கொஞ்சம் நீளம் நல்லது, எட்டிப் பறிக்க உதவும். இன்னொன்று, அவன் வலப்பக்கம் அடிக்கிறவனா இடப்பக்கமா? கனடாவில் இடப்பக்கத்தார்தான் அதிகம், வலப்பக்க டிஃபென்ஸ்மேனுக்குத் தட்டுப்பாடு. வலப்பக்கம் அடிக்கிறவன் என்றால் அவன் மதிப்பு அதனாலேயே ஒரு படி கூடும்.

சாப்பாட்டில் ஒன்று மட்டும். ஆட்டத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்னால் சோறும் எண்ணெய் குறைந்த கோழியும் தாராளமாகச் சாப்பிடலாம். உப்புக்கறியும் பால்பணியாரமும் ஆட்டம் முடிந்த மறுநாளைக்கு.

காரைக்குடிப் பேரனுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஐஸ் ஹாக்கிக்காரனாக வளர்வது நடக்காது. இந்தியாவில் அந்த ஆட்டம் லடாக்கில்தான் உயிரோடு இருக்கிறது. லே, கார்கில் பக்கம் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை குளம் உறையும்போது ஆடுகிறார்கள். ராணுவமும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையும் குழு வைத்திருக்கின்றன. டேராடூனில் 2011-ல் கட்டிய உள்ளரங்கு ஒன்று இருக்கிறது. 2025-ல் இந்தியப் பெண்கள் அணி ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. அதில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். நம் பையனுக்குக் கையில் இருப்பது இன்லைன் ஹாக்கி: நான்கு சக்கரமும் ஒரே வரிசையில் இருக்கும் ஸ்கேட். நான்கு பேரும் கோலியும் ஆடுவார்கள், உடம்பால் இடிப்பது கிடையாது. பின்னோக்கிச் சறுக்குவது, கேப் வைப்பது, பாஸ் எல்லாம் அப்படியே ஐஸுக்குப் பொருந்தும். பொருந்தாத ஒன்று நிறுத்துவது. ஐஸில் விளிம்பைக் குறுக்கே திருப்பிச் சீவி நிறுத்துவார்கள், சக்கரத்தில் அந்தச் சீவல் வராது. அத்தான் வீட்டுக்குப் போகும்போது அதை முதல் நாளே பழகட்டும். மட்டையும் ஓட்டமும் மட்டும்தான் ஆசை என்றால் புல்தரை ஹாக்கி பக்கத்திலேயே இருக்கிறது. 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் மதுரையிலேயே நடந்தன. அங்கே டிஃபென்டராக இருந்துகொண்டு கோல் போட்டுப் பேர் வாங்கும் வழியும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 கோல் போட்ட ஹர்மன்பிரீத் சிங் டிஃபென்டர்தான்.

ஸ்கேட் வாங்கும்போது சக்கரத்தின் கடினத்தைச் சொல்லும் எண்ணைப் பாருங்கள். 74-லிருந்து 78 வரை உள்ள மெதுச் சக்கரம் உள்ளரங்கத் தரைக்கு. காரைக்குடி வெயிலில் சிமெண்ட் தரையில் அது சீக்கிரமே சீவிப் போய்விடும், 82-க்கு மேல் வாங்குங்கள். கனடாவிலிருந்து அத்தான் பழைய கார்பன் மட்டையை அனுப்பி வைத்தால் அதைச் சிமெண்டில் தேய்க்க விடாதீர்கள், ஒரு மாதத்தில் அடி நார் நாராகப் பிரியும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் அடி வைத்த தெருமட்டை தனியாகக் கிடைக்கும், அது போதும். கார்பன் மட்டை வீட்டுக்குள் இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் டென்னிஸ் பந்தை வைத்து உருட்டிப் பழக அதைவிட நல்லது கிடைக்காது, ஆச்சி அனுமதித்தால்.